பூண்டுக்கு அனுப்பிய பிள்ளைகள்

மகனே, நீ பத்திரமாய் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். கொடுத்தனுப்பிய பொரி உருண்டையைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தாயா, நீயே தின்று தீர்த்தாயா என்று விசாரிக்க இதை எழுதவில்லை. திருக்கார்த்திகைக்கு வந்தவன், மத்தியானம் இலை முன்னால் உட்கார்ந்து உன் மாமாவிடம் ஒரு பேச்சுப் பேசினாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன், ஊற்றினேன், அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். ஊரையே வாயால் மடக்குகிறவள் என்று பேர் வாங்கிய உன் அம்மா, பெற்ற பிள்ளை முன்னால் ஊமையாகிப் போனாள். நேரில் சொல்லத் தொடங்கினாலும் உன் முகத்தைப் பார்த்துப் பாதியில் மழுப்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். காகிதத்துக்கு முகம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னது உனக்கு மறந்துகூடப் போயிருக்கலாம். எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. "இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு வாசிக்கத் தெரியாததுகள எல்லாம் காப்பிப் பழம் பறிக்க அனுப்பிருவேன் மாமா. தோட்டத்துல ஆள் கெடைக்காம தவிக்கிறாங்க. அவங்களுக்கும் சந்தோசம், பள்ளிக்கூடத்துக்கும் நல்ல பேரு. எல்லாம் அம்மாகிட்ட பாத்துப் படிச்ச வித்தைதான்" என்றாய். உன் மாமா சிரித்துக்கொண்டே, "அக்கா அப்பவே பெரிய ஆளுல்ல" என்றான். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அதுகளுக்குப் படிப்புல ஆசை இல்ல மாமா, நாம என்ன செய்ய முடியும்" என்றும் சொன்னாய். அந்த வார்த்தை உன்னுடையது இல்லை. அது என் வாயிலிருந்து உன் காதுக்குப் போனது. எப்போது போனது, எதற்காகப் போனது என்பதைத்தான் இனி சொல்லப் போகிறேன். உன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஹெட்மாஸ்டராகியிருக்கிற நீ இதை வாசித்தாக வேண்டும்.

உன் அப்பா போன பிறகு, அடிவாரத்தில் நம் பூசைச் சாமான் கடையில் யாத்திரைக்காரர்களுக்குத் தேங்காயும் பழமும் தட்டில் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த என்னை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார்கள். வேலை கிடைத்தது மலைமேல். கூக்கால் ஊரையும் தாண்டி நடந்து போக வேண்டிய அந்த ஊருக்கு எந்த வாத்தியாரும் ஆசைப்பட்டு வந்ததில்லை. இருந்த ஹெட்மாஸ்டரும் குளிர் ஒத்துக்கொள்ளாமல் கீழே மாற்றல் வாங்கிப் போனார். மிச்சம் இருந்தவர்களில் நான் மூத்தவள், அதனால் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனேன். என் தகுதி அவ்வளவுதான். ஊரார் 'பெரிய டீச்சர்' என்றார்கள். அந்தப் 'பெரிய' எனக்குத் தலைக்கு ஏறியது.

பள்ளிக்கூடத்தை நடத்துவது என்றால் என்னவென்று நான் நினைத்திருந்தேன், சொல்லட்டுமா? மணி நேரத்துக்கு அடிக்க வேண்டும். முற்றம் பெருக்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் தலையில் எண்ணெய் இருக்க வேண்டும், பிரேயரில் வரிசை கோணக் கூடாது. பிறகு பிரம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். உள்ளே பிள்ளைகள் சேர்ந்து கத்துகிற சத்தம் கேட்டால் பாடம் நடக்கிறது. சத்தம் நின்றால் வாத்தியார் தூங்குகிறார். இதுதான் என் கணக்கு. அந்த வராந்தாவைத் தாண்டி, ஒரு வகுப்புக்குள் போய், ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன எழுத்து கண்ணு" என்று நான் கேட்டதே இல்லை. அது உதவி ஆசிரியர்களின் சோலி என்று நினைத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கீழே உட்கார்ந்தால் மரியாதை போய்விடும் என்றும் நினைத்தேன்.

முதல் இன்ஸ்பெக்‌ஷனில் வந்தவர் கறாரான மனிதர். மழையில் நனைந்து மட்டக்குதிரையில் வந்து இறங்கினார், டீ கூடக் குடிக்கவில்லை. நீ படித்துக்கொண்டிருந்த வகுப்புக்குள் நுழைந்து, முன்வரிசையை விட்டுவிட்டு, நடுவில் இருந்த பேச்சியை எழுப்பினார். பேச்சியை உனக்கு நினைவிருக்கும். ஏரிக்கரைப் பூண்டுத் தோட்டத்துக்காரர் மகள், எப்போதும் அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வருவாள். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாசிக்கச் சொன்னார். பேச்சி தைரியமாக நின்று, கணீரென்று, முதல் பாடத்தை ஒப்பித்தாள். அவள் கண் புத்தகத்தில் இல்லை, கூரையில் இருந்தது. இன்னும் நாலைந்து பேரை எழுப்பினார், எல்லாரும் அதே முதல் பாடம். ஊர்ப் பெரியவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க இங்க பாடம் நடத்துறீங்களாம்மா, இல்ல பாரா பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. அன்றைக்கே அதற்குச் சரியான பதிலைத் தேடியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் குதிரை ஏறிப் போனதும் பேச்சியைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லி, பிரம்பு ஒடிகிற மட்டும் அடித்தேன். அவள் எதற்கு அடி என்றே தெரியாமல் நின்றாள். பாடத்தை ஒரு எழுத்து விடாமல் சொன்னவளுக்கு அடி ஏன் விழுகிறது என்று அவளுக்கு எப்படிப் புரியும்? அடித்தது என் வெட்கத்தை. வலித்தது அவளுக்கு.

அடுத்த வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பூண்டு எடுக்கிற காலத்தில் வந்தது. அந்தக் காலத்தில் ஊரே வந்து வாசலில் நிற்கும், பிள்ளைகளைத் தோட்டத்துக்கு விடச் சொல்லி. நான் விட்டதே இல்லை. "ஏலே, பிள்ளைய படிக்க விடுவியா, இல்ல பூண்டோட சேத்து மண்ணுல போடுவியா" என்று சண்டைக்குப் போவேன். அந்த வருஷம் அவர்கள் வந்து நின்றபோது எனக்கு ஒரு புத்தி தோன்றியது. எந்த நேரத்தில் தோன்றியதோ. "சரி, கூட்டிட்டுப் போங்க. ஆனா நான் சொல்ற பிள்ளைகள மட்டும்" என்றேன். மறுநாள் பிரேயரில் நின்று பெயர்களை வாசித்தேன். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் யார் என்று எனக்கு அதுவரை தெரியாது. உதவி ஆசிரியர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யோசித்துப் பார், ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி இரண்டாவது வருஷத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அதுவும் கேட்டது சொல்லிக்கொடுக்க இல்லை, ஒளித்து வைக்க.

பெயர் வந்த பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடின. பள்ளிக்கூடத்தைவிடத் தோட்டம் நல்லதுதானே. பேச்சி மட்டும் போகவில்லை. என் சேலை முந்தியைத் தொட்டுக்கொண்டு, "டீச்சர், இந்த வருசம் நான் பாத்து வாசிப்பேன் டீச்சர். அண்ணன் சொல்லிக் குடுத்துச்சு" என்றாள். ஒரு வரி வாசி பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்கலாம். புத்தகம் என் கையில்தான் இருந்தது. "போ, போ, வெரசா போ. அப்பா தேடுவாரு" என்று தள்ளிவிட்டேன். அவளுக்கு அன்றைக்கு வாசிக்கத் தெரிந்திருந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் குறைவாக இருக்கிறார்களே என்றார். பூண்டு சீசன் அய்யா, மலையூர் வழக்கம் என்றேன். தலையாட்டினார். நீ எழுந்து நடுப்பக்கத்தைக் கடகடவென்று வாசித்தாய். உனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வாசித்தார்கள். உன் தோளைத் தட்டினார். ஒரே வருஷத்தில் பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்திவிட்டீர்கள் என்று என்னைப் பாராட்டினார். ஊர்க்காரர்கள் ஒரு கூடை பூண்டு கொண்டுவந்து நம் வீட்டில் வைத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா இன்னைக்குப் பேச்சி வரல?" என்று கேட்டாய். "அவளுக்குப் படிப்புல ஆசை இல்லப்பா" என்றேன். மகனே, அன்றைக்கு நான் சொன்ன பொய்யைத்தான் நீ கார்த்திகையன்று இலை முன்னால் உட்கார்ந்து உண்மையாகச் சொன்னாய். முன்வரிசையில் உட்கார்ந்து என் வித்தையைப் பார்த்தவன் நீ. தோட்டத்தை நீ பார்க்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேல்தான் கோபம், அதிலும் வெட்கம்தான் அதிகம்.

ஒருமுறை செய்தது வருஷா வருஷம் வழக்கமாகிவிட்டது. அதைவிட மோசமானது என்னவென்றால், அது இன்ஸ்பெக்‌ஷன் நாளோடு நிற்கவில்லை. உதவி ஆசிரியர்களுக்கு என்னிடமிருந்து ஒரு பாடம் கிடைத்துவிட்டது. யாரைக் காட்டப் போகிறோமோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும், மற்றவர்களை எப்படியும் அந்த ஒரு நாள் அனுப்பிவிடுவார்கள் என்று. வகுப்பிலேயே ஒரு பிள்ளையைக் காட்டி, "அது பூண்டு, அத விடுங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். பூண்டுப் பிள்ளைகள் பின்சுவர் ஓரம் உட்கார்ந்தார்கள். சிலேட்டை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. பிள்ளைகளே ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டார்கள். நீயும் கூப்பிட்டாய், நான் கேட்டிருக்கிறேன், கண்டிக்கவில்லை. நீ தலைமையாசிரியராகப் போயிருக்கிறாய், இதை மட்டும் மனதில் போட்டுக்கொள். பிரேயரில் நீ சொல்கிற உபதேசத்தை உன் ஆசிரியர்கள் கேட்க மாட்டார்கள். நீ எதைப் பார்க்கிறாய், எதைப் பார்க்காமல் கடந்து போகிறாய் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ பார்க்காத பிள்ளையை அவர்களும் பார்க்க மாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மேலே இருப்பவர் காட்டிய வழியில் போனார்கள்.

இதை என் முகத்துக்கு நேரே சொன்னது ஒரே ஒரு ஆள், ராமையா வாத்தியார். நீ பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கீழே, நான் இப்போது இருக்கிற மாமா வீட்டுக்கு வந்த பிறகு எங்களிடம் வேலைக்கு வந்தவர். வில்பட்டியில் முட்டைக்கோஸ் போடுகிற குடும்பம், வயது கம்மி, வாய் நீளம். வந்த மாதமே என்னிடம், "அம்மா, மூணாங்கிளாசுல பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியல. ஒரு நாளு வந்து உக்காந்து பாருங்க" என்றார். வருகிறேன் என்றேன், போகவில்லை. அடுத்த வாரமும் கூப்பிட்டார். பூண்டுக்கு அனுப்புகிற நாள் வந்தபோது என் அறைக்கே வந்துவிட்டார். "இந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியலன்னு நாமளே சொல்லிருவோமேம்மா. இன்ஸ்பெக்டர் என்ன, நம்மள கடிச்சா தின்னுருவாரு?" என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் நானா நீங்களா என்று கேட்டேன். "நீங்கதான். அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்" என்றார்.

அவருக்குத் தண்டனையாக ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தேன். ஆமாம், தண்டனையாக. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு என்பது வயதானவருக்கு, உடம்பு சரியில்லாதவருக்கு, அல்லது என் பகையைச் சம்பாதித்தவருக்கு. கொஞ்ச நாளில் அந்த வகுப்பிலிருந்து சத்தம் வருவது நின்றுபோனது. ஆள் தூங்குகிறார் என்று பிரம்போடு போனேன். அவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஆற்று மணலைப் பரப்பி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு எழுத்து. எது தெரியாதோ அதை. அவர் ஒரு பிள்ளையிடம் போவார், விரலைப் பிடிப்பார், கேட்பார், அடுத்த பிள்ளைக்குப் போவார். நான் வாசலில் நின்றது யாருக்கும் தெரியவில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். நல்லது நடக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, மகனே. தெரியாமல் செய்தேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. மற்ற இரண்டு ஆசிரியர்களையும் கூப்பிட்டு, "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பள்ளிக்கூடமே மாறியிருக்கும். அவர் செய்ததை நல்லது என்றால் நான் செய்ததை என்னவென்று சொல்வது? அதனால் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் வருவதற்குள் அவர் ஒத்துப்போவதில்லை என்று மேலே ஒரு வார்த்தை போட்டு, மாற்றலும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பியபோது ஒன்றாம் வகுப்பு மொத்தமும் பின்னாலேயே ஏரி வரைக்கும் போனது. அவர்களைத் திட்டித் திருப்பிக் கொண்டுவந்தது நான்தான்.

அதன் பிறகு வருஷங்கள் போனது தெரியவில்லை. நல்ல பேர் இருந்தது, கூடை கூடையாய்ப் பூண்டு வந்தது. நீ டிரெயினிங் முடித்தாய். ஓய்வுபெறச் சிறிது காலம் இருக்கும்போது, ஜூன் மாதம் பிள்ளை சேர்க்கிற நாளில், ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, பேச்சி. ரேகை வைக்க மைப்பெட்டியைத் தானே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குழந்தை பேர் என்ன, பிறந்தது எப்போது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். போகத் திரும்பியவள் நின்று, "டீச்சர், பூண்டுக்கு அனுப்புற அன்னைக்கு முன்கூட்டியே சொல்லி விட்டுருங்க. நான் வெள்ளனே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். இது சின்னப் பிள்ளை, தனியா வர பயப்படும்" என்றாள்.

குத்திக் காட்டவில்லை அவள். குத்திக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் மெய்யாகவே கேட்டாள். பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான், ஏழைத் தோட்டக்காரன் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே அனுப்புவது சட்டம் என்று நினைத்திருந்தாள். தன் மகளும் அந்தக் கூட்டம்தான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அந்தக் குழந்தை என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது, இன்னும் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது, அதற்குள் அதற்கு இடம் குறித்தாகிவிட்டது. அனுப்ப மாட்டேன் என்று பேச்சியிடம் சொல்ல வாயெடுத்தேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? சரி என்று தலையாட்டினேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த வாரமே பஸ் பிடித்து வில்பட்டிக்குப் போய் ராமையா வாத்தியாரைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார். பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று எனக்குக் கற்றுத்தாருங்கள் என்று கேட்டேன். அவர் முகம் இளகவில்லை. "அன்னைக்குப் பக்கத்து ரூமுக்கு வந்து உக்காருங்கன்னு எத்தன வாட்டி கூப்புட்டேன். இன்னைக்கு இம்புட்டு தூரம் வந்துருக்கீங்க" என்றார். பிறகு, "சரி, வாங்க. வந்து உக்காருங்க" என்றார். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அவருடைய ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். ஏதோ குறை கண்டுபிடிக்க வந்தார் என்று நினைத்தேன். "நீங்க போய் மூணாங்கிளாஸ் டீச்சர் கணக்கு நடத்துறதப் பாத்துட்டு வாங்க சார், நான் இங்க பாத்துக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு அவரே பாடத்தை எடுத்தார். வாரத்தில் ஒரு நாள் அப்படியாம். ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரின் வகுப்பைப் பார்ப்பதற்காக ஹெட்மாஸ்டர் போனவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். அந்த வேலைக்குத்தான் ஹெட்மாஸ்டர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் என் தலை நரைத்துவிட்டது.

திரும்பி வந்து பிரம்பை அடுப்பில் வைத்தேன். மிச்சம் இருந்த காலத்தில் என்னால் ஆனதைச் செய்தேன், அதையும் கோணல்மாணலாகத்தான் செய்தேன். முதலில் வகுப்புகளில் போய் உட்கார்ந்தேன். பாவம், ஆசிரியர்கள் நடுங்கிப் போனார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகளையே எழுப்பி எழுப்பிக் கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் தினமும் போய்ப் பின்சுவர் ஓரம் உட்கார்ந்தேன். போகப் போக என்னை மறந்துபோனார்கள், அப்புறம்தான் உண்மையான பாடத்தைப் பார்க்க முடிந்தது. பிறகு அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து நான் பாடம் நடத்தினேன். படு மோசம். பிள்ளைகள் கொட்டாவி விட்டன. இளைய டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர்களும் தங்களுக்கு வராததை என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்கள். "எனக்குக் கூட்டெழுத்து சொல்லிக் குடுக்க வரலம்மா" என்று அந்த டீச்சர் சொன்னபோது, இத்தனை வருஷமாக இதைச் சொல்ல ஒரு ஆசிரியைக்குப் பயம் வரும்படி நான் நடந்திருக்கிறேனே என்று கூனிப்போனேன். இருந்தவர்களில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவரை ஒன்றாம் வகுப்புக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகு எல்லாரும் உட்கார்ந்து ஏதாவது ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் பேசினோம், அதற்கு எது வருகிறது, எது வரவில்லை, அடுத்த வாரம் யார் என்ன செய்வது என்று. பூண்டுக் காலத்தில் தோட்டத்துக்காரர்களிடம் நானே நடந்து போய்ச் சண்டை போடாமல் கேட்டேன். காலையில் பள்ளிக்கூடம், வெயில் ஏறிய பிறகு தோட்டம் என்று பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷ இன்ஸ்பெக்‌ஷனுக்கு எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பில் வைத்திருந்தேன். வந்தவரிடம், இந்த வரிசைக்கு இன்னும் வாசிக்க வராது அய்யா, சொல்லிக்கொடுக்காதது என் தப்பு, இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம் என்றேன். அவர் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்த பள்ளிக்கூடம் கெட்டுப்போய்விட்டதே என்றார். நான் வாங்கிய கடைசிப் பேர் அதுதான். அதைக் கேள்விப்பட்டு, அம்மாவுக்கு வயசாயிருச்சு, முன்ன மாதிரி முடியல என்று நீ உன் மாமாவிடம் சொன்னாயாம். உண்மையைச் சொல்ல அப்போதும் எனக்குத் தைரியம் இல்லை. கெட்டிக்கார அம்மாவாகவே உன் கண்ணில் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். அதனால்தான் உன் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் காப்பித் தோட்டத்துக்குப் போகப் போகிறார்கள்.

உனக்கு என்ன சங்கடம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் பதவி இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இந்த இன்ஸ்பெக்‌ஷனில் பேர் கெட்டால் மறுபடியும் உதவி ஆசிரியராகக் கீழே இறக்கிவிடலாம், பெண் பார்த்திருக்கிற இடத்தில் அதற்கு ஒரு பேச்சு வரலாம். நான் உண்மையைச் சொன்னபோது எனக்கு இழக்க ஒன்றும் மிச்சம் இல்லை, ஓய்வு பெறப் போகிற கிழவி. உனக்கு இருக்கிறது. நான் உன் வயதில் செய்யத் துணியாததை உன்னைச் செய்யச் சொல்கிறேன். அப்படிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லைதான். யோக்கியதை வரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பழம் பறிக்கப் போய்விடுவார்கள், அதனால் கேட்கிறேன். நாளைக்கே உன் ஆசிரியர்களைக் கூப்பிட்டு, யாரையும் எங்கேயும் அனுப்பப் போவதில்லை, எந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராது என்று இன்ஸ்பெக்டரிடம் நான்தான் சொல்வேன், திட்டும் என்னைத்தான் சேரும் என்று சொல். அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார். அங்கேயிருந்துதான் உன் வேலை தொடங்குகிறது. என்னைப் பற்றி இன்ஸ்பெக்டர் விசாரித்தால் மறைக்காதே. இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது என் அம்மாதான் என்று அவரிடமே சொல்லிவிடு. எனக்கு அது பெரிய உபகாரம்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன், உன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாளே பாச்சலூர் பஸ் ஏறுகிறேன். அங்கேயிருந்து உன் ஊருக்கு நடக்க என் காலில் இன்னும் தெம்பு இருக்கிறது. உன்னை வேவு பார்க்க வரவில்லை, உன்னிடம் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வருவேன், பின்சுவர் ஓரம் பார்ப்பேன். அங்கே பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு உட்காருவேன். இல்லையென்றால் கேட்டு விசாரித்துக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குப் போய்விடுவேன், நானும் ஒரு கூடையை வாங்கிக்கொள்வேன். அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் அன்றைக்கு உன் அம்மா இருப்பாள்.